மலை மறைக்கும் ஊருக்கு இணையம்: தோளில் ஏற்றி இறக்கும் வழி

என் பாட்டி ஊர் கலசப்பாக்கத்துக்குப் பக்கத்தில். கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணி நெருங்கினால் ஊரே தெற்கு பார்த்து நிற்கும். திருவண்ணாமலை உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டு வாசலில் அகல் ஏற்றுவார்கள். ஆனால் ஊரில் எல்லாத் தெருவுக்கும் அந்தப் பாக்கியம் கிடையாது. மேலத்தெருவில் நின்றால் தீபம் பளிச்சென்று தெரியும். கீழத்தெருவுக்கும் தீபத்துக்கும் நடுவே ஒரு சின்னக் குன்று. அதனால் ஒரு பையனைக் குன்றின் மேல் ஏற்றி விடுவார்கள். தீபம் தெரிந்ததும் அவன் திரும்பி நின்று, "ஏத்திட்டாங்க!" என்று கத்துவான். அடுத்த நொடி கீழத்தெரு முழுக்க விளக்கு எரியும்.

மலைக்குப் பின்னால் இருக்கும் ஊருக்குக் கம்பியில்லா இணையத்தைக் கொண்டுபோவது பற்றிச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் அந்தப் பையனைத்தான் சொல்வேன். அவன் தீபத்தைப் பார்க்கிறான், தெரு அவனைப் பார்க்கிறது. தீபத்தையும் தெருவையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க முடிவதால்தான் சேதி நகர்கிறது. ரேடியோ அலையிலும் வேலை அப்படித்தான் நடக்கிறது.

பழைய வடாற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டானது. 2019-இல் வேலூர் மாவட்டம் மறுபடி மூன்றானது. மாவட்ட எல்லைகள் எப்படி மாறினாலும் ஜவ்வாது மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மூன்றிலும் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. ஒடுகத்தூர், அணைக்கட்டு, ஆலங்காயம் பக்கம் அதன் அடிவாரத்தில் போனவர்களுக்குத் தெரியும்: சாலையில் போகும்போது போனில் நாலு கோடு இருக்கும், ஒரு வளைவு திரும்பினால் ஒன்றும் இருக்காது. டவர் அதே இடத்தில்தான் நிற்கிறது, தூரமும் கூடிவிடவில்லை. நடுவில் பாறை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ரேடியோ அலையும் வெளிச்சமும் அடிப்படையில் ஒரே இனம். வித்தியாசம் அலைநீளத்தில் இருக்கிறது. 5.8 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் சுமார் 5 சென்டிமீட்டர், ஒரு எலுமிச்சம்பழ அளவு. அதற்கு ஒரு கருங்கல் மலை என்பது சுவருக்கு மேல் சுவர், அதற்கும் மேல் சுவர். ஊடுருவிப் போகும் என்ற எதிர்பார்ப்பே வேண்டாம். 'பவர் கூட்டினால் போகுமா' என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போகாது. பெட்ரோமாக்ஸை எவ்வளவு பிரகாசமாக ஏற்றினாலும் மலைக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் வருமா?

சரி, மலையின் உச்சியை உரசிக்கொண்டு வளைந்து இறங்காதா? கொஞ்சம் இறங்கும். இதற்கு விளிம்பு விலகல் என்று பெயர். ஒரு கூரிய விளிம்பைத் தொட்டுக்கொண்டு அலை போகும்போது அதன் ஒரு பங்கு அந்தப் பக்க நிழலுக்குள் வளைகிறது. ஆனால் கூலி அதிகம் கேட்கும். சக்தி எத்தனை மடங்கு கூடியது, குறைந்தது என்பதை டெசிபெல் என்ற அலகில் அளப்பார்கள்; விளிம்பு வழியை லேசாகத் தொட்டாலே 6 டெசிபெல் போய்விடும், அதாவது சக்தியில் கால் பங்குதான் மிஞ்சும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டவுனில் இருந்து மலை 4 கிலோமீட்டர், மலையில் இருந்து ஊர் ஒன்றரை கிலோமீட்டர், நேர்கோட்டுக்கு மேல் மலை 100 மீட்டர் எழுந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மலையைக் கத்தி முனை போல நினைத்துக்கொண்டாலே 5.8 கிகாஹெர்ட்ஸில் சுமார் 38 டெசிபெல் இழப்பு வரும். ஏழாயிரம் பங்கில் ஒரு பங்குதான் அந்தப் பக்கம் இறங்குகிறது. நம்மூர் மலைகள் கத்தி முனையாகவா இருக்கின்றன? உருண்டு திரண்ட பாறையும் மரமும். அங்கே இழப்பு இன்னும் கூடும்.

இதே மலையில் 700 மெகாஹெர்ட்ஸ் அலையை விட்டால் இழப்பு சுமார் 29 டெசிபெல். நீள அலை மேட்டைக் கொஞ்சம் சுலபமாக வளைத்துக்கொண்டு போகும். ஒரே இடத்தில் ஒரு கம்பெனி சிம் எடுக்கிறது, இன்னொன்று எடுக்கவில்லை என்றால், பக்கத்து டவர் யாருடையது என்பதோடு, எந்த அலைவரிசைப் பட்டையில் அனுப்புகிறார்கள் என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டைகள் ஏலத்தில் எடுத்த நிறுவனங்களுக்குச் சொந்தம். நாமாக அவற்றில் அனுப்ப முடியாது. இந்த வேலைக்கு ஏற்றபடி நமக்கு உரிமம் இல்லாமல் திறந்திருப்பவை முக்கியமாக 2.4 கிகாஹெர்ட்ஸும், 2018 அக்டோபரில் வெளியிடங்களுக்கும் தாராளமாகத் திறந்துவிட்ட 5 கிகாஹெர்ட்ஸும். இரண்டுமே குட்டை அலைகள். அதனால் வளைப்பதை மறந்துவிட்டு, பையனைக் குன்றில் ஏற்றும் வேலையைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் 'தெரிவது' என்றால் என்ன என்று சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நானே இதில் ஒருமுறை நன்றாக ஏமாந்தவன். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு உறவினர் பண்ணை வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருந்து வைஃபை இழுத்துக் கொடுத்தேன். மாசி மாதம். இந்தக் கம்பத்தில் நின்றால் அந்தக் கம்பம் கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் ஒரே ஒரு புங்க மரம், அதுவும் இலை உதிர்ந்து குச்சி குச்சியாக நின்றது. அதன் தலைக்கு மேலே ஒரு ஆள் உயரம் இடைவெளி இருந்தது. நன்றாக ஓடியது. சித்திரை பிறந்தது, மரம் தளதளவென்று துளிர்த்தது, லிங்க் படுத்துவிட்டது. கருவியை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். மரத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே பத்து நாள் ஆனது.

காரணம் இதுதான். ரேடியோ அலை கம்பி இழுத்த மாதிரி மெல்லிய கோட்டில் போவதில்லை. இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவே ஒரு வெள்ளரிக்காய் வடிவத்தில் போகிறது: முனையில் ஒல்லி, நடுவில் பருமன். ஒளியை ஆராய்ந்த பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனெல் பெயரில் இதை ஃபிரெனெல் மண்டலம் என்கிறார்கள். நடுவில் இந்த வெள்ளரிக்காய் எவ்வளவு பருமன் என்று தெரிய ஒரு எளிய கணக்கு உண்டு. தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்துக்கொண்டு, அலைவரிசையைக் கிகாஹெர்ட்ஸில் வைத்து வகுங்கள். வருவதற்கு வர்க்கமூலம் எடுத்து 8.66-ஆல் பெருக்குங்கள். நடுக்கோட்டில் இருந்து மேலேயும் கீழேயும் அத்தனை மீட்டர். 2 கிலோமீட்டருக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸில், சுமார் 5 மீட்டர். 4 கிலோமீட்டர் என்றால் 7 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இதில் குறைந்தது 60 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். என் புங்க மரம் அந்தக் காய்க்குள் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. குச்சியாக இருந்தவரை அலை தாங்கியது. இலையில் ஈரம் இருக்கிறது, ஈரம் அலையைத் தின்னும். மழை பெய்து இலை நனைந்தால் இன்னும் மோசம்.

மழையே இணையத்தைக் கெடுக்கிறது என்று நம்மூரில் சொல்வார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் சில கிலோமீட்டர் தூரத்துக்கு மழைத்துளி ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை. மழையில் நனைந்த மரம்தான் செய்கிறது. ஆகவே மாந்தோப்பு, தென்னந்தோப்பு வழியாகப் பாதை போகிறது என்றால், இன்றைய மரத்தைப் பார்க்காதீர்கள். ஐந்து வருடம் கழித்து அது எவ்வளவு உயரம் போகும் என்று தோட்டக்காரரைக் கேளுங்கள்.

இப்போது குன்றுக்கு வருவோம். மலை ஏறப் போகிறோம் என்றதும் எல்லோருக்கும் உச்சி மேல்தான் ஆசை. ஆனால் உச்சி பல நேரம் தவறான இடம். மலையின் நெற்றி முன்னால் துருத்திக்கொண்டு, நேர் கீழே அடிவாரத்தில் இருக்கும் ஊரை மறைத்துவிடும். உச்சியில் நின்றால் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர் தெரியும், காலடியில் இருக்கும் ஊர் தெரியாது. நமக்கு வேண்டியது மலையின் தோள். பக்கவாட்டில் இறங்கும் சரிவில், இந்தப் பக்கம் டவுனும் அந்தப் பக்கம் ஊரும் ஒரே இடத்தில் நின்று கழுத்தைத் திருப்பினால் தெரிகிற இடம். உச்சியில் பாதி உயரத்தில்கூட அது கிடைக்கலாம். ஏறுவதும் சுலபம், இடியும் கொஞ்சம் குறைவு, பின்னால் பழுது பார்க்கப் போகிறவருக்கும் முழங்கால் மிஞ்சும். சில இடத்தில் மலை ஏறவே தேவை இருக்காது. இரண்டு மலைக்கு நடுவே கணவாய் இருந்தால், அதன் வாயில் இருக்கும் ஒரு வீட்டு மொட்டை மாடியே போதும்.

அந்தத் தோளை எப்படிக் கண்டுபிடிப்பது? கூகுள் எர்த்தில் இரண்டு இடத்துக்கும் நடுவே கோடு போட்டால் நில மட்டத்தின் ஏற்ற இறக்கம் படமாக வரும். இலவசமாகக் கிடைக்கும் நில உயரத் தகவல்களில் பெரும்பகுதி 2000 பிப்ரவரியில் ஒரு விண்வெளி ஓடம் ரேடாரால் அளந்ததன் வழியில் வந்தது. கிட்டத்தட்ட 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. மலை எங்கே, பள்ளம் எங்கே என்று தெரிய அது போதும். ஒற்றைப் பாறையும் புளியமரமும் அதில் தெரியாது.

அதைவிட நல்ல அளவீட்டாளர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். மலையூர்களில் பெரும்பாலும் ஒரு சிக்னல் பாறை இருக்கும். போன் பேச வேண்டுமென்றால் அங்கேதான் போவார்கள். 2020-இல் பள்ளிகள் மூடி ஆன்லைன் வகுப்பு வந்தபோது பிள்ளைகள் புத்தகப் பையோடு போய் உட்கார்ந்ததும் இப்படிப்பட்ட பாறைகளில்தான். அந்தப் பாறைக்கு டவுன் பக்கம் தெரிகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அங்கே நின்று கீழே பாருங்கள், ஊர் தெரிந்தால் உங்கள் இடம் கிடைத்துவிட்டது. ஆடு மேய்ப்பவர்களைக் கேளுங்கள். 'எங்கே நின்றால் ரெண்டு பக்கமும் தெரியும்?' என்றால் யோசிக்காமல் கை காட்டுவார்கள்.

உறுதி செய்துகொள்ள நான் செய்வது பழைய வழி. வெயில் நேரத்தில் தோளில் நின்று ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் கீழே வெளிச்சம் அடிப்பேன். கீழே ஊர்க் கம்பம் நடும் இடத்தில் இருப்பவர் எவர்சில்வர் தாம்பாளத்தால் திருப்பி அடிப்பார். இரண்டு பக்கமும் மின்னியது என்றால் பார்வைக் கோடு உண்டு. பிறகு வெள்ளரிக்காய் கணக்கை மட்டும் பார்த்தால் போதும். பூமி உருண்டை, அது மறைக்காதா என்று கேட்பவர்களுக்கு: 20 கிலோமீட்டர் தூரத்துக்குத்தான் நடுவில் சுமார் 6 மீட்டர் முதுகு காட்டும். நம் ஐந்தாறு கிலோமீட்டருக்கு அதை விட்டுவிடலாம்.

நம் மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு குச்சிகூட நடக் கூடாது, நானும் நடச் சொல்லமாட்டேன். பட்டா நிலம் எது, காடு எது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். இன்னொரு வழியும் உண்டு. குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்பார்களே, இந்தப் பக்கம் சின்னச் சின்னக் குன்றுகளில் எல்லாம் ஒரு முருகன் கோயிலோ அம்மன் கோயிலோ இருக்கும். படி இருக்கும், கரண்ட் இருக்கும், தினமும் ஒருவர் வந்து விளக்கேற்றுவார். கோயில் நிர்வாகமும் ஊராரும் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால், கோபுரத்தில் கை வைக்காமல் மடப்பள்ளி ஓரமாக ஒரு கம்பம் நடலாம்.

கம்பத்தில் என்ன வைப்பது? இரண்டு ரேடியோ, அதாவது அலையை அனுப்பவும் வாங்கவும் செய்கிற வெளிப்புற வைஃபை கருவிகள். ஒன்று டவுனைப் பார்க்கும், இன்னொன்று ஊரைப் பார்க்கும். இரண்டையும் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்சில் கேபிளால் இணைக்க வேண்டும். ஒரே ரேடியோவை வைத்து வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்பவும் முடியும். வீட்டில் மாட்டும் ரிப்பீட்டர்கள் பல அப்படித்தான் செய்கின்றன. ஆனால் ஒரே வாயால் கேட்கவும் பேசவும் வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகும். ஊருக்கே கொடுக்கப் போகும் இணைப்பில் அந்தச் சிக்கனம் வேண்டாம். இரண்டு ரேடியோவுக்கும் வெவ்வேறு சேனல் கொடுங்கள், கம்பத்தில் ஒன்றுக்கொன்று ஒரு மீட்டராவது மேலும் கீழுமாகத் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் ஒன்றின் காதில் இன்னொன்று கத்தும்.

மின்சாரமே இல்லாமல், ஒரு பெரிய தகட்டைக் கண்ணாடி போல நிறுத்தி அலையைத் திருப்பிவிடும் முறையும் உண்டு. தொலைபேசித் துறைகள் மலைநாடுகளில் இதைச் செய்திருக்கின்றன. அந்தத் தகடு ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு வேண்டும், காற்றில் இம்மி அசையக் கூடாது. கிராமத்துக் கைக்கு அது அடங்காது.

சக்திக் கணக்கு இப்படி. 5.8 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஆன்டெனா குவித்ததையும் சேர்த்து 4 வாட் வரை அனுமதி. ரேடியோ உண்மையில் கக்குவது 20 மில்லிவாட்தான், இரவு விளக்கைவிடச் சொற்பம். 23 டெசிபெல் டிஷ் ஆன்டெனா அதை 200 மடங்கு ஒரே திசையில் குவிப்பதால், அந்தத் திசையில் நிற்பவருக்கு அது 4 வாட் போலத் தெரிகிறது. டார்ச் பல்புக்குப் பின்னால் இருக்கும் கிண்ணம் செய்கிற வேலை. 4 கிலோமீட்டர் போய்ச் சேர்வதற்குள் அலை பரவிப் பரவிச் சுமார் 120 டெசிபெல் இழக்கிறது. அந்தப் பக்க டிஷ் கொஞ்சத்தை மறுபடி அள்ளிச் சேர்த்த பிறகு ரேடியோவில் தெரியும் எண் மைனஸ் 61 (ஒரு மில்லிவாட்டைப் பூஜ்யமாக வைத்து டெசிபெல்லில் எண்ணுவது). ஒரு வாட்டை நூறு கோடிப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு! அதுவே வீடியோ வகுப்புகள் பலவற்றை ஒரே நேரத்தில் ஓட்டப் போதுமானது. இந்த எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 80-க்கும் கீழே இறங்கினால் தடுமாறும். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் சக்தி பாதியாகும், அதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

தூரத்தைப் பற்றியும் ஒன்று. வீட்டு வைஃபை தகவலைச் சின்னப் பொட்டலங்களாகத்தான் அனுப்பும்; ஒரு பொட்டலம் அனுப்பியதும் 'கிடைத்தது' என்ற பதிலுக்குக் கண நேரம்தான் காத்திருக்கும். 4 கிலோமீட்டர் போய் வரவே சுமார் 27 மைக்ரோ நொடி ஆகும். அதற்குள் பொறுமை இழந்து அதே பொட்டலத்தை மறுபடி அனுப்பும். அதனால் வெளிப்புற ரேடியோக்களில் தூரம் எவ்வளவு என்று குறிக்க ஒரு இடம் இருக்கும். அதைச் சரியாக நிரப்புங்கள். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை 2000-களின் நடுவில் தன் கிராமக் கண் மையங்களை வைஃபையால் இணைத்தது. நோயாளி கிராமத்தில், டாக்டர் தேனியில், நடுவே திரையில் கண் பரிசோதனை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் கூட இருந்து, வைஃபையின் இந்தக் காத்திருக்கும் முறையையே மாற்றி எழுதினார்கள். நம் தமிழ்நாட்டு மலையடிவாரத்தில் நடந்த வேலை அது, எனக்கு இதில் நம்பிக்கை வந்ததே அதைப் படித்த பிறகுதான். 2007-இல் வெனிசுவேலாவில் இரண்டு மலைகளுக்கு நடுவே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபையை எட்டவைத்தார்கள். நடுவில் தடை இல்லை என்றால் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை என்று அதிலிருந்து தெரிகிறது.

இப்போது ஆன்டெனாவைத் திருப்பும் வேலை. தூர்தர்ஷன் காலத்தில் மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பியவர்களுக்கு இது புதிதில்லை. 'வருதா?' 'இல்ல!' 'இப்ப?' 'வந்துச்சு, போச்சு!' அதேதான். ஒடுகத்தூர் மேற்கே ஒரு அடிவார ஊருக்குச் செய்தபோது மேலே நானும் ஒரு பையனும், கீழே டவுன் மாடியில் என் நண்பர். நட்டை லேசாகத் தளர்த்தி டிஷ்ஷைத் திருப்புகிறேன், பையன் போன் திரையைப் பார்த்து எண்ணைப் படிக்கிறான். "எண்பத்தி ரெண்டுண்ணா... எழுவத்தி ஒம்போது... எழுவத்தி ஆறு... மறுபடி எழுவத்தி ஒம்போதுண்ணா." மைனஸ் 76-தான் உச்சம் என்று நட்டை இறுக்கப் போனேன். ஆனால் கணக்குப்படி 61 வர வேண்டும். 15 டெசிபெல் என்றால் முப்பது மடங்குக்கு மேல் எங்கேயோ காணாமல் போகிறது. பாதையில் மரம் இல்லை, கண்ணாடி மின்னியது. அப்போதுதான் உறைத்தது. டிஷ்ஷின் நடுக்கற்றைக்கு இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கிளைக் கற்றைகள் உண்டு. நான் பிடித்தது அதில் ஒன்றை. டவுன் கோபுரத்தை மனதில் வைத்துத் திருப்பியதில் பத்துப் பதினைந்து டிகிரி தள்ளிப் போயிருந்தது. முழுதாகத் தளர்த்தி, இடது கோடியில் இருந்து வலது கோடிவரை மெதுவாக ஒரு தடவை ஓட்டினேன். எழுபத்தாறு வந்தது, தொண்ணூறுக்கு விழுந்தது, பையன் முகம் வாடியது, அப்புறம் திடீரென்று "அண்ணா, அறுவத்தி ரெண்டு! அறுவத்தி ஒண்ணு!" என்று துள்ளினான். கீழே நண்பருக்குத் துண்டை ஆட்டிக் காட்டினோம். ஆகவே கிடைத்த முதல் மேட்டில் நிற்காதீர்கள். கணக்கைப் போட்டு வைத்துக்கொண்டு மேலே ஏறினால்தான், இது உண்மையான உச்சமா பக்கத்து மேடா என்று தெரியும். இடவலம் முடித்த பிறகு மேல்கீழும் இதேபோலச் செய்ய வேண்டும். மலையில் இருந்து கீழே பார்ப்பதால் டிஷ் நன்றாகக் குனிந்திருக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

கோயில் மின்சாரம் கிடைக்காத இடத்தில் சூரிய ஒளிதான். இரண்டு ரேடியோவும் ஸ்விட்சும் சேர்ந்து 20 வாட் என்று வைத்தால், நாள் முழுக்க 480 வாட் மணி. வேலூர் வெயிலுக்கு 150 வாட் பேனல் போதும் என்று காகிதத்தில் வரும். அதை நம்பாதீர்கள். வெயில் காலத்தில் யாருக்கும் கஷ்டமில்லை. ஐப்பசி கார்த்திகையில் மூன்று நாள் தொடர்ந்து மூட்டம் போடும்போதுதான் சோதனை. 300 வாட் பேனல், 12 வோல்ட் 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரி என்றால் கிட்டத்தட்ட இரண்டு நாள் வெயில் இல்லாமல் தாங்கும், பேட்டரியைப் பாதிக்குக் கீழே வடிக்காமலே. இன்வெர்ட்டர் வேண்டாம். ரேடியோ நேர் மின்சாரத்தில்தான் ஓடுகிறது, அதை மாற்றி மறுபடி மாற்றுவதில் வீணாவது அதிகம். ரேடியோவுக்கு மின்சாரமும் தகவலும் ஒரே கேபிளில் போகும். அது 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, வெளிப்புறத்துக்கென்று செய்த கறுப்புக் கேபிளாக இருக்க வேண்டும். வீட்டுச் சாம்பல் கேபிள் நம் கத்திரி வெயிலில் இரண்டு வருடத்தில் தோல் உரிந்துவிடும். குரங்கு இருக்கும் மலை என்றால் கேபிள் முழுக்கக் குழாய்க்குள் போகட்டும்.

இடி தாங்கி கட்டாயம். வெறும் பாறையில் எர்த் எடுக்காது. செம்பு அல்லது ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையை மண் இருக்கும் இடுக்கு வரை இறக்கிப் புதைக்க வேண்டும், கேபிளின் இரண்டு முனையிலும் மின்னல் தடுப்பான் வைக்க வேண்டும். மழை மேகம் திரண்டால் யாரும் மேலே ஏறக் கூடாது. இணையம் நாளைக்கும் வரும்.

இவ்வளவும் எல்லோருக்கும் தேவையில்லை. உங்கள் மாடியின் ஒரு மூலையில் போன் ஒரு கோடு காட்டுகிறது என்றால், அந்த மூலையில் கம்பம் நட்டு, வெளி ஆன்டெனா பொருத்தும் 4ஜி ரவுட்டரை வைத்து, டவர் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பினால் வேலை முடிந்தது. கடையில் கிடைக்கும் மொபைல் சிக்னல் பூஸ்டரை மட்டும் வாங்காதீர்கள். அனுமதி இல்லாமல் அதை மாட்டுவது சட்டப்படி குற்றம், பக்கத்து ஊர் சிக்னலையும் அது கெடுக்கும்.

இணையம் முதலில் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாரத்நெட் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுவரும் பணியைத் தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் நிறுவனம் செய்கிறது, 12,525 ஊராட்சிகளுக்கு. ஊராட்சி அலுவலகம் வரை வந்த இழை, மலைக்குப் பின்னால் இருக்கும் குக்கிராமம் வரை போவதில்லை. அந்தக் கடைசி மூன்று நாலு கிலோமீட்டருக்குத்தான் நம் கம்பம். உங்கள் சொந்த உபயோகத்துக்கு இழுத்துக்கொள்வது வேறு, ஊருக்குக் காசு வாங்கிக் கொடுப்பது வேறு. இரண்டாவதற்கு உரிமம் வேண்டும், அல்லது 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி முறையில் சேர வேண்டும். அதில் பெட்டிக்கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல் பொது வைஃபை கொடுக்கலாம். இணைப்புத் தருபவரிடமும் பகிர அனுமதி உண்டா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நான் எந்தக் கம்பத்திலும் தவறாமல் செய்வது ஒன்று. பெட்டிக் கதவின் உள்பக்கம் அழியாத மையில் எழுதி வைப்பேன்: நட்ட தேதி, இரண்டு ரேடியோவின் எண்கள், எந்தச் சேனல், பேட்டரி எந்த மாதம் போட்டது. நட்டுகளின் மேல் ஒரு பெயிண்ட் கோடு, அசைந்தால் கோடு பிசகித் தெரியும். சாவி இரண்டு: ஒன்று பூசாரியிடம், இன்னொன்று ஊரில் மலை ஏறத் தெரிந்த ஒரு பிள்ளையிடம். ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெட்டியில் 'டவுன் 61, ஊர் 54' என்று இருக்கும். போன புயலுக்குப் பிறகு ஏறிப் பார்த்த பையன் அதற்குக் கீழே தன் கையெழுத்தில் 'டவுன் 63, நட்டு இறுக்கினேன், 61' என்று எழுதி, தேதி போட்டிருக்கிறான்.